போயிட்டு வாறேன், சார்

ஐம்பத்திரண்டு வயதில், எட்டு மாதம் வேலை தேடி அலைந்த பிறகு, ஒரே வாரத்தில் இரண்டு வேலைகளை நான் ஒப்புக்கொண்டேன். அவற்றில் ஒன்றை ஒப்புக்கொண்டது எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்காக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பிழைத்தவன், ஆங்கிலத்தில் ஆறே ஆறு சொல் பேசி மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மாத்தளையில், வாசனைத் திரவியங்களை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில் இருந்தேன். மிளகு ஈரமாக வந்துவிட்டது என்று ஏதோ ஒரு தேசத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டால், அந்தக் கோபம் எவ்வளவு நியாயம் என்று முதல் பந்தியில் எழுதுவேன். குற்றம் மழையுடையது என்று இரண்டாம் பந்தியில் எழுதுவேன். தங்கள் நட்பு மிளகைவிடப் பெரிது என்று மூன்றாம் பந்தியில் முடிப்பேன். இந்த மூன்று பந்திகளில்தான் எங்கள் வீடு கட்டப்பட்டது.

ஒருநாள் முதலாளியின் மருமகன் தன் போனை என் மேசையில் வைத்து எதையோ தட்டினார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது ஒரு கடிதத்தை எழுதி முடித்துவிட்டது. வாசித்துப் பார்த்தேன். அதே மூன்று பந்திகள். பிழை ஒன்றும் இல்லை. என்னைவிடப் பணிவாக வேறு இருந்தது.

“அங்கிள், இதுக்கு டீகூட வாங்கிக் குடுக்கத் தேவல்ல” என்றார் மருமகன்.

நல்ல பகிடிதான். நான் சொல்லியிருக்க வேண்டியது. மாத முடிவில் ஒரு பாராட்டுக் கடிதம் தந்து என்னை வழியனுப்பினார்கள். அதையும் அந்தப் போன்தான் எழுதியது என்று பின்னால் தெரியவந்தது. அருமையான கடிதம். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு எட்டு மாதம். ‘அனுபவம் உள்ளவர் தேவை’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். ‘வயது முப்பத்தைந்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும்’ என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். என் கண் கொட்டை எழுத்தை மட்டும் வாசிக்கப் பழகிக்கொண்டது. ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என் மகள் வயதில் இருந்த அதிபர், பிள்ளைகளைப் பிடிக்குமா என்று கேட்டார். தூரத்தில் பிடிக்கும் என்றேன். அதை அவர் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. ஒரு காப்புறுதிக் கம்பனியில் உடனே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். முதல் மாதம் சொந்தக்காரர்கள் பத்துப் பேரைப் பிடித்துக் கொடுத்தால் போதுமாம். என் சொந்தக்காரர்களில் என்னோடு பேசுகிறவர்கள் நாலு பேர். அதில் இரண்டு பேரோடு நான் பேசுவதில்லை.

காலையில் வீட்டில் இருக்க முடியாது. மனைவி தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. ஏழு மணிக்கு இரத்தோட்டை பஸ்ஸைப் பிடிப்பாள். அவள் போனதும் நானும் சட்டையை உள்ளே விட்டு, சப்பாத்துப் போட்டு, பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று, நூலகம், மறுபடியும் பஸ் ஸ்டாண்ட். வீட்டில் இருந்த நாட்களில் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் கேட்பார், “இன்னைக்கி லீவா சார்?” என்று. ஆமாம் என்பேன். ஆறாவது மாதத்தில் அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “நல்ல வேல சார் ஒங்களுக்கு. எங்களுக்குத்தான் லீவே இல்ல.”

மனைவி முதல் சில வாரங்கள், “போன காரியம் என்னாச்சுங்க?” என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். நான் சப்பாத்தைக் கழற்றும் விதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அது கேள்வியைவிடக் கஷ்டமாக இருந்தது. சப்பாத்தை எப்படிக் கழற்றினால் நம்பிக்கையுள்ள மனிதனைப் போலத் தெரியும் என்று ஒருநாள் வாசலில் நின்று யோசித்தேன். அந்த நிலைக்கு வந்திருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

முதலாவது தம்புள்ளை. மொத்தச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். அவருக்கு வடக்கிலிருந்து வெங்காயம் அனுப்புகிறவர்களோடு தமிழில் பேசவும், லொறிக்காரர்களோடு சிங்களத்தில் பேசவும், ஹோட்டல்களிலிருந்து வரும் ஆங்கில மின்னஞ்சல்களைப் படித்துப் பதில் போடவும் ஒரே ஆள் தேவைப்பட்டது. நேர்முகப் பரீட்சை பூசணி மூட்டைகளுக்கு நடுவில் நடந்தது. அவர் கதிரையில் இருந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

“தம்பி, யாழ்ப்பாணத்து ஆக்கள் வேகமாப் பேசினா ஒங்களுக்கு வெளங்குமா?”

“வெளங்கும் ஹாஜியார். எங்க வீட்டு மாடியில ஒருத்தர் இருக்காரு.”

“கோவத்தில பேசினா?”

“அவரு கோவத்துலதான் பேசுவாரு.”

அவருக்குத் திருப்தி. என் பைலைத் திறக்கவே இல்லை. பதவிப் பெயர் என்ன என்று நான் மெல்லக் கேட்டதற்கு, “என்னமாவது போட்டுக்கொங்க. எனக்கு நீங்க இங்கின இருந்தாச் சரி” என்று ஒரு மேசையைக் காட்டினார். மேசையில் ஒரு போனும், அதன் பக்கத்தில் ஒரு கிலோ கறிமிளகாயும் இருந்தன. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். எழுந்து, “போயிட்டு வாறேன் ஹாஜியார்” என்றேன். “நல்லது, போயிட்டு வாங்க” என்றார். இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே எந்தக் குழப்பமும் நடக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, சீகிரியாவில் ஒரு ஹோட்டல். தம்புள்ளையில் இறங்கி பஸ் மாறிப் போனேன். மெனேஜர் வெளிநாட்டுக்காரர், ஏதோ குளிர் தேசம், வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, மூக்கின் நுனி இன்னும் வெயிலுக்குப் பழகாமல் சிவந்திருந்தது. குளிரூட்டிய அறை. எனக்கும் கதிரை, அதுவும் சுழலும் கதிரை. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். ஐந்து வருடத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள் என்று கேட்டார். ஐம்பத்தேழில் என்றேன். அவர் சிரித்தார். எட்டு மாதத்தில் நான் சொன்னதற்குச் சிரித்த முதல் முதலாளி. எனக்குக் கண் கலங்காத குறை.

வேலை என்னவென்றால், தங்கிவிட்டுப் போகிறவர்கள் இணையத்தில் எழுதும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதவேண்டும். குரங்கு வந்து பழத்தைத் தூக்கிக்கொண்டு போனது, தவளை சத்தம் போட்டது, சீகிரியாக் குன்றில் ஏறப் படி அதிகம் என்றெல்லாம் எழுதுகிறார்களாம். படிகளை ஒரு அரசன் போட்டான், அவனிடம் முறையிட இப்போது வழியில்லை என்று எழுதலாமா என்று கேட்டேன். மறுபடியும் சிரித்தார். பதவியின் பெயர் ‘கெஸ்ட் ரிலேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ்’. கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. நான் இருபத்திரண்டு வருடம் கிளார்க்.

கடிதத்தில், திங்கட்கிழமைக்குள் பதில் தரவும் என்று கண்டிருந்தது. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் எழுந்து, கதிரை சுழன்றதால் ஒரு கணம் மேசையைப் பிடித்து நின்று, நாகரிகமாக விடைபெற்றேன்.

“ஐ வில் கோ அண்ட் கம், சார்.”

அவர் முகம் மலர்ந்தது. “மண்டே?” என்று கேட்டார்.

பதில் தரவேண்டிய நாளைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “மண்டே, சார்” என்றேன்.

கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். வெளிநாட்டுக்காரர்கள் எப்போதும் இப்படித்தான், சின்ன விஷயத்துக்கும் அன்பாக இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழன் மாலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சம்பளம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். இல்லாவிட்டால் அதைச் சாக்காக வைத்து முடித்திருப்பேன். தம்புள்ளைக்கு என்றால் விடியற்காலை பஸ், மாலையில் வீடு. சீகிரியா என்றால் ஹோட்டலிலேயே தங்க அறை, வாரத்துக்கு ஒருமுறை வீடு. ஒன்றில் கறிமிளகாய், ஒன்றில் எக்ஸிகியூட்டிவ். முன்வாசலிலிருந்து குசினி வரைக்கும் நடந்தேன். குசினியில் தம்புள்ளை என்று முடிவாகும். முன்வாசலுக்கு வருவதற்குள் சீகிரியாவாகிவிடும். இரண்டுக்கும் நடுவில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், இரண்டும் வேண்டாம் என்று தோன்றும்.

“எட்டு மாசமா வேல இல்லன்னு நடந்தீங்க” என்றாள் மனைவி, மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே. “இப்ப வேல கெடைச்சிருச்சுன்னு நடக்கிறீங்க. சும்மா இருக்கிறதுக்கு என்னதாங்க கெடைக்கணும் ஒங்களுக்கு?”

“நீ சொல்லு. எதுக்குப் போகட்டும்?”

“நான் சொன்னா, நாளைக்கி ஒண்ணு சரியில்லன்னா நான் சொன்னதுன்னு சொல்லுவீங்க. எனக்கு அந்த வேல வேணாம்.”

சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனையைக் கீழே வைத்தாள். “ஒண்ணு மட்டும் சொல்றேன். ரெண்டையும் கெடுத்துக்காதீங்க. ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கிட்டயும் சொல்லிட்டேன். இன்னொருக்கா என்னால முழிச்சிக்கிட்டு நிக்க முடியாது.”

அவள் குரல் உயரவில்லை. இந்த எட்டு மாதத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். இரண்டில் ஒன்றைக் கெடுத்தால் மற்றது இருக்கும் என்பது கணக்கு. இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும் திறமை எனக்கு உண்டு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனேன். அங்கே வாடகைக்கு இருப்பவர் யாழ்ப்பாணத்தவர், மாவட்டச் செயலகமான கச்சேரியில் திட்டமிடல் அதிகாரி. வாழ்க்கையை நிரல், நிரை இல்லாமல் யோசிக்கமாட்டார். ஒரு கடதாசியில் கோடு போட்டார்.

“உணர்ச்சிவசப்படக் கூடாது. பத்து விஷயம் எழுதுங்கோ. ஒவ்வொண்டுக்கும் பத்துக்குப் புள்ளி போடுங்கோ. கூடின இடத்துக்குப் போங்கோ. அவ்வளவுதான்.”

பயணம், ஓய்வு, மரியாதை, வெயில் என்று எழுதிப் புள்ளி போட்டேன். தம்புள்ளைக்கு அறுபத்தொன்று வந்தது. சீகிரியாவுக்கும் அறுபத்தொன்று. அவர் திரும்பக் கூட்டிப் பார்த்தார். பிறகு என் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மரியாதைக்கு ஹோட்டலுக்குப் பத்துப் போட்டிருக்கிறியள். சாப்பாட்டுக்கு மரக்கறிக்கடைக்குப் பத்து. அங்கை என்ன, பச்சைக் கத்தரிக்காயையே கடிக்கப் போறியள்?”

“மத்தியானம் புரியாணி வரும்னு சொன்னாரு.”

அவர் கடதாசியை மடித்து என் கையில் வைத்தார். “தம்பி, கணக்கிலை பிழையில்லை. உங்களிலைதான் பிழை.”

அந்த ஞானத்தோடு கீழே இறங்கினேன். எத்தனையோ புத்தகங்கள் வாசித்தவன் நான். இரண்டு பாதைகள் முன்னால் நிற்கும்போது மனிதன் என்ன செய்யவேண்டும் என்பது பற்றி என் அலுமாரியில் மட்டும் மூன்று மொழிகளில் இருக்கிறது. ஒன்றிலாவது கறிமிளகாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை எழுந்ததும் இரண்டு இடத்தையும் இன்னொருமுறை பார்த்துவிட்டு வந்தால் தெளிவு பிறக்கும் என்று தோன்றியது. சொல்லாமல் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினேன். நாலந்தையைத் தாண்டும்போது, யாராவது என்னைக் கண்டால் என்ன சொல்வது என்ற பயம் வந்தது. நாவுலையில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி மாத்தளைக்கே திரும்பினேன். கண்டக்டர் அவன் பாட்டுக்கு டிக்கட் கிழித்துத் தந்தான். காலையில் நாவுலைக்குப் போய், இறங்கி, ஒரு நிமிடம் நின்று, திரும்பி வருகிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கவேண்டும்.

பஸ்ஸில் இருக்கும்போதே ஹாஜியாரின் அழைப்பு வந்தது.

“தம்பி, என்ன முடிவு? வாரீங்களா, இல்லையா?”

“ஹாஜியார், அதுல சில விஷயங்கள யோசிச்சுப் பார்த்தா, ஒரு பக்கம்...”

“லொறி ஒண்டு பின்னுக்கு வருது, தம்பி. நான் தள்ளி நிக்கோணும். முடிவச் செல்லுங்க.”

போனில் லொறி பின்னால் வரும் ‘பீப் பீப்’ சத்தம் கேட்டது. நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு பெரியவரின் உயிர் என் பதிலில் இருப்பதுபோல் எனக்குப் பட்டது.

“வாறேன் ஹாஜியார்!”

“சரி. திங்கக்கெழமை ஏழு மணிக்கு.”

எட்டு மாதமும் மூன்று நாளும் தீராத விஷயம் இப்படித் தீர்ந்தது. என் எதிர்காலத்தைத் தீர்மானித்தது ஒரு லொறியின் பின்பக்கம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி தேநீர் வைத்தாள். அன்று சீனி ஒரு கரண்டி கூட இருந்தது. “அந்த ஹோட்டல்காரருக்கு மறக்காம சொல்லிருங்க” என்று மட்டும் நினைவூட்டினாள்.

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு நல்ல மனிதரிடம் ‘வரவில்லை’ என்று ஒரே வரியில் எப்படிச் சொல்வது? நான் கடிதக்காரன். ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போகும்போது எழுதத் தொடங்கியவன், அவள் பூசை முடிந்து, சந்தைக்கும் போய்விட்டு வரும்போது ஐந்தாவது பிரதியில் இருந்தேன். தங்கள் அழைப்பு எவ்வளவு பெருமை என்று முதல் பந்தி. குற்றம் சூழ்நிலையுடையது என்று இரண்டாம் பந்தி. தங்கள் நட்பு உத்தியோகத்தைவிடப் பெரிது என்று மூன்றாம் பந்தி. வாசித்துப் பார்த்தபோது மிளகு வாசனை அடித்தது. மறுபடியும் இரண்டு தடவை எழுதினேன். மாலையில் கடிதம் தயார். ஆனால் அனுப்பவில்லை. திங்கள் வரைக்கும் தவணை இருக்கிறதே, ஞாயிறு இரவில் அனுப்பினால் அவசரப்பட்டதுபோல் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அதை அனுப்பும் வரைக்கும் நான் எக்ஸிகியூட்டிவ். இன்னும் ஒரு ராத்திரி அப்படி இருந்துவிட்டுப் போகலாமே என்று ஆசை.

திங்கள் ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன். கறிமிளகாயை எடுத்துவிட்டிருந்தார்கள், என் வருகைக்குச் செய்த ஏற்பாடு அது. எட்டு மணிக்குள் கிளிநொச்சி வெங்காயக்காரர் ஒருவரிடம் நான் போனில் ஏச்சு வாங்கியிருந்தேன். எனக்கு முழுதாக விளங்கியது. ஹாஜியார் தலையை ஆட்டிப் பாராட்டினார். கடிதத்தை இடைவேளையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒன்பது மணியிருக்கும். பூசணி மூட்டைகளுக்கு மேலாக ஒரு வெள்ளை அட்டை மிதந்து வந்தது. அதில் என் பெயர் இருந்தது. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், முன்னால் ‘மிஸ்டர்’ போட்டு. என் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் வேறொருவர் எழுதி நான் பார்த்தது அன்றுதான். அட்டைக்குக் கீழே, சீருடை போட்ட ஒரு வேன் சாரதி. வேனின் பக்கவாட்டில் அந்த சீகிரியா ஹோட்டலின் பெயர்.

எனக்கு அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த ஹோட்டல் வாரத்தில் மூன்று நாள் காய்கறி வாங்குவது எங்கள் கடையில்தான்.

“முதலாளி, அலுத் மஹத்தயா கோ?” என்று சாரதி ஹாஜியாரிடம் சிங்களத்தில் கேட்டார். புதிய ஐயா எங்கே என்று அர்த்தம். தம்புள்ளை பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் இந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். புதிதாக வரும் எக்ஸிகியூட்டிவை ஏற்றிக்கொண்டு, அப்படியே மரக்கறியையும் எடுத்துக்கொண்டு வரும்படி மெனேஜரின் உத்தரவாம். ஆள் வரவில்லை. மரக்கறியையாவது எடுப்போம், இங்கேயும் விசாரித்துப் பார்ப்போம் என்று வந்திருக்கிறார்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். முழுப் பெயரையும் வாசித்து முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது ஒங்கட பேரல்லவா?”

நான் வாய் திறப்பதற்குள் மேசையில் போன் அடித்தது. ஆங்கில அழைப்புகளை எடுப்பது என் கடமை. எடுத்தேன். மரக்கறி ஏன் இன்னும் வரவில்லை என்று மெனேஜர் கேட்டார். “குட் மோர்னிங், சார்” என்றதுமே என் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

“நீங்களா? முதல் நாளே மரக்கறி பார்த்து வாங்கப் போய்விட்டீர்களா? பிரமாதம்!”

அவர் அப்படி மகிழ்ந்தது என்னை இன்னும் நொறுக்கியது. ஏழு பிரதி எழுதிய கடிதத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. இருக்கிற ஆங்கிலத்தை வைத்து விளக்கினேன். சார், எங்கள் ஊரில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிக் கிளம்பமாட்டார்கள். அது அபசகுனம். ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்வோம். திரும்பி வருகிறோமோ இல்லையோ, அப்படித்தான் சொல்வோம். அப்படிச் சொல்லாமல் எழுந்து வருவது சாவு வீட்டிலிருந்து மட்டும்தான். உங்கள் ஹோட்டலை நான் அப்படி நினைக்கவில்லை, சார்.

மறுமுனையில் கதிரை சுழலும் சத்தம் கேட்டது.

“அப்படியானால் ‘மண்டே’?” என்றார் கடைசியில்.

“பதில் சொல்வதற்கு, சார். இதோ, இன்று மண்டே. சொல்லிக்கொண்டிருக்கிறேன்.”

பிறகு, யோசித்து யோசித்து, தனக்குத்தானே சொல்வதுபோல் கேட்டார்: “இரண்டாவது மாடிக் குழாயைத் திருத்துகிறவர் மூன்று மாதத்துக்கு முன்னால் ‘கோ அண்ட் கம்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும்...?”

“தெரியாது, சார். அவர் ஒருவேளை வரலாம்.”

முதலாளியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். ஹாஜியார் வாங்கி, “யெஸ் சார்” என்றார், “ஓகே சார்” என்றார், இன்னொரு “யெஸ் சார்” சொல்லி வைத்தார். ஒரு வேலை அந்த நிமிடம் போய்விட்டது. மற்றது அவர் கையில் இருந்தது. மனைவி ஸ்டாஃப் ரூமில் நிற்பது கண்ணில் வந்தது.

“என்ன சொன்னாரு ஹாஜியார்?”

“வெளங்கல்ல. ஆனா கத்தல்ல.” சாரதியின் பட்டியலை வாங்கிப் பார்த்தார். “போஞ்சி அஞ்சு கிலோ கூடப் போடச் செல்லுங்க. எங்கட கணக்கில. பாவம், ஒரு மணித்தியாலம் வெயில்ல நிண்டிருக்கான்.”

போஞ்சி ஏறியது. சாரதி, இனி அந்த அட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடமே தந்துவிட்டுப் போனார். நான் அதை மேசைக்கடியில் வைத்தேன்.

“ரெண்டு எடத்துக்கும் செல்லிருக்கீங்க” என்றார் ஹாஜியார்.

“இல்ல ஹாஜியார், ஒரு எடத்துக்குத்தான் சொன்னேன். மத்தது தானா நடந்திருச்சு.”

“நாங்க நாளைக்கு ஒரு வேலை செய்யிறதுண்டா இன்ஷா அல்லாஹ் செல்லுவோம், தம்பி. நீங்க ஒண்டும் சேக்காம வெறுமனே வாறேன் செல்லிட்டு வந்தீக்கிறீங்க. அதுதான் இந்தப் பிரச்சின.” அவ்வளவுதான். மறுபடியும் லொறிப் பக்கம் போய்விட்டார். நான் தப்பிவிட்டேன் என்று தெரிந்தது.

மத்தியானம் புரியாணி வந்தது. பத்துக்குப் பத்து. அதைச் சாப்பிடச் சாப்பிட பயம் தெளிந்து, அந்த இடத்தில் மெல்ல ஒரு பெருமை ஏறியது. யோசித்துப் பார்த்தால், இரண்டு நிறுவனங்கள் என்னைப் போட்டி போட்டுக்கொண்டு கேட்டிருக்கின்றன. ஒன்று வேன் அனுப்பியிருக்கிறது, அட்டை எழுதியிருக்கிறது. எட்டு மாதம் யாருக்கும் வேண்டாதவனாக நடந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை. இந்த வேலைக்கு மூன்று பேர் வந்தார்கள் என்று காலையில் கடையில் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. அந்த மூவரில் என்னை ஏன் பிடித்தது என்று ஹாஜியார் வாயால் கேட்டுவிட்டால், மாலையில் சப்பாத்தைக் கொஞ்சம் கம்பீரமாகவே கழற்றலாம்.

நான்கு மணிக்குக் கிளம்பும்போது கேட்டேன். “ஹாஜியார், மூணு பேர் வந்தாங்களாமே. என்னைய ஏன் எடுத்தீங்க?”

அவர் பூசணி ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“மத்த ரெண்டு பேருக்கும் வேற எடத்திலயும் கூப்பிட்டு ஈந்திச்சி, தம்பி. அப்பிடியான ஆக்கள் நிக்க மாட்டாங்க. ஒங்களப் பார்த்த நேரம், இவருக்கு வேற போக்கிடம் இல்லண்டு நெனச்சேன். அதுதான் எடுத்தேன்.”